பெருச்சாளி என்னும் ரோபோ

ரோபோ என்றதும் சினிமாவில் வரும் எந்திர மனிதன்தான் நம் நினைவுக்கு வரும். அது நடக்கும், பேசும். நாம் இங்கே பார்க்கப்போகும் ரோபோ பேசாது. சாக்கடை அள்ளும்.

நகரத்துத் தெருக்களில் வட்டமான மூடிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கீழே பாதாளச் சாக்கடை இருக்கிறது. அடைப்பு வந்தால் ஆளை இறக்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

குழிக்குள் விஷவாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கினால் ஓரிரு மூச்சிலேயே மயக்கம் வரலாம்.

2015-இல் கேரளாவில், கோழிக்கோட்டில், இரண்டு தொழிலாளர்கள் இப்படிக் குழிக்குள் சிக்கினார்கள். ஓர் ஆட்டோ ஓட்டுநர் அவர்களைக் காப்பாற்ற இறங்கினார். மூவரும் இறந்தனர். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் நீங்கள் பின்னால் இறங்காதீர்கள். உடனே 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அதே கேரளாவில் பொறியியல் படித்த இளைஞர்கள் ஒரு ரோபோ செய்தார்கள். அதன் பெயர் பேண்டிகூட். பெருச்சாளி என்று பொருள். பொருத்தமான பெயர்தான்! 2018-இல் அது திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது.

இதன் ஒரு பகுதி தெருவில் நிற்கும். கையும் காலும் உள்ள பகுதி குழிக்குள் இறங்கும். கால்களை ஊன்றிக்கொள்ளும். கையால் மண்ணையும் குப்பையையும் வாளியில் அள்ளும். உள்ளே கேமரா இருக்கிறது. மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்குவார்.

அப்படியானால் தொழிலாளிக்கு வேலை போய்விடுமா? இயக்க ஆள் வேண்டுமே! முன்பு குழியில் இறங்கியவர்களுக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். வெளியாளைக் கொண்டுவந்தால் அது நியாயமில்லை.

வீட்டுச் செப்டிக் டேங்க் வேறு வகை. லாரியின் குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் இறுகிய கழிவு அப்படியே கிடக்கும். அதை எடுக்கத்தான் ஆளை இறக்குகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. இதற்கும் ஒரு ரோபோ செய்திருக்கிறது. அதன் சுழலும் கத்திகள் இறுகிய கழிவைக் கரைத்துவிடும். பிறகு உறிஞ்சி எடுக்கலாம். 2022-இல் முதல் இரண்டு ரோபோக்களைச் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். அக்குழுக்களை முன்னின்று நடத்திய பெண்களில் சிலர், இதே துப்புரவு வேலையில் கணவனைப் பறிகொடுத்தவர்கள்.