கணிப்பொறிப் பணியும் மனநிறைவும்

"கணிப்பொறி படித்தால் கைநிறையச் சம்பளம்" என்று பலரும் கூறக் கேட்கிறோம். ஊதியம் இன்றியமையாததே. வீட்டுக் கடனும் தம்பி தங்கையர் படிப்பும் மூத்த மகளின் சம்பளத்தையே நம்பியிருக்கும் இல்லங்கள் நம்மிடையே பல. ஆயினும், ஆண்டுக் கணக்கில் நிரல் எழுதப் போகும் பெண்ணுக்கு ஊதியம் மட்டும் போதுமா? இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

அமெரிக்க உளவியல் அறிஞர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் தம் குழுவினருடன் சேர்ந்து, பொறியாளரும் கணக்கருமாகச் சுமார் 200 பேரிடம், "வேலையில் எப்போது மகிழ்ந்தீர்கள்? எப்போது மனம் கசந்தீர்கள்?" என்று கேட்டார். 1959இல் வெளிவந்த அவர்கள் நூல் கூறுவது இது: சம்பளமும் பணியிட வசதிகளும் குறைந்தால் மனக்குறை உண்டாகும், அவை நிறைந்திருப்பதனால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது. ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவையே ஊக்கம் அளிப்பவை.

பாராட்டின் அருமைக்கு ஒரு சான்று காண்போம். 1946இல் 'எனியாக்' என்னும் கணிப்பொறி உலகுக்கு அறிமுகமானது. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களது உழைப்பு நெடுங்காலம் உலகின் கவனத்திற்கு வரவில்லை. 1997இல்தான் தொழில்நுட்பத் துறைப் பெண்கள் அமைப்பொன்று அவர்களைச் சிறப்பித்தது.

நம் பகுதிக்கு வருவோம். தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்திலேயே, 2011இல், அதன் அருகிலுள்ள மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் மென்பொருள் அலுவலகம் தொடங்கியது. வாடிக்கையாளர் குறைகளைத் தீர்க்க உதவும் 'ஸோஹோ டெஸ்க்' மென்பொருள் அங்கே உருவாகிறது. மலையடிவாரச் சிற்றூரில் எழுதிய நிரல் கடல் கடந்து பயன்படுகிறது. பெற்றோரைப் பிரியாமலே இத்தொழிலைச் செய்ய இயலும் என்பது நம் பெண்களுக்கு நல்ல செய்தி.

ஆனால் சென்னையாயினும் மத்தளம்பாறையாயினும், கற்பது நின்றால் சலிப்பு வரும். பிறர் எழுதிய நிரலில் பிழை தேடும் நாட்களே இத்தொழிலில் மிகுதி. அந்தப் பொறுமையில் இன்பம் காண்பவளுக்கே இது ஏற்றது. கணக்கொன்று விடுபடும்வரை உறக்கம் கொள்ளாத மாணவி இதில் மகிழ்வாள். ஊரார் சொல்லுக்காகச் சேர்பவள் விரைவில் வாடுவாள்.

ஆகவே மாணவியரே, பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன் உங்கள் மனத்தைக் கேளுங்கள். பெற்றோரே, வேலைக்குச் சென்ற மகளிடம் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "இன்று புதிதாக என்ன கற்றாய்? உன் வேலை யாருக்கு உதவியது?" என்றும் கேளுங்கள். அவள் முகமே விடை கூறும்.