இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் இழப்பீடு போய்விடுமா?

கேள்வி: ஓசூர் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினேன். மொத்தம் ஏழு பேர்தான் வேலை, இ.எஸ்.ஐ. கிடையாது. 2023 ஏப்ரலில் வலது கை பிரஸ்ஸில் மாட்டி இரண்டு விரல்கள் முழுதாகப் போய்விட்டன. அப்போது எனக்கு வயது 30, சம்பளம் மாதம் 15,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளியே கட்டினார். “கேஸ், கீஸ் என்று போகாதே, நானே பார்த்துச் செய்கிறேன்” என்று சொல்லி, பேக்கிங் வேலை கொடுத்து வைத்திருந்தார். போன மாதம் அந்த வேலையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். இழப்பீடு கேட்டால், “இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, இனி எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது” என்கிறார். அது உண்மையா? – வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் முதலாளி சொன்னது பாதிதான் உண்மை. 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கச் சொல்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. ஆனால் அதே பிரிவு, தாமதத்துக்குப் போதிய காரணம் இருப்பதாக இழப்பீட்டு ஆணையர் திருப்தியடைந்தால் காலம் கடந்த மனுவையும் ஏற்கலாம் என்கிறது. ஆகவே உங்கள் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. தாமதத்தை விளக்கும் பொறுப்புதான் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் இதே இரண்டு ஆண்டுதான். உங்கள் விபத்து அதற்கு முந்தையது. அப்போதே பிறந்துவிட்ட உரிமை புதிய சட்டம் வந்ததால் அழியாது.

இந்த வழக்கில் முதலில் தவறிய காலக்கெடு யாருடையது என்று பாருங்கள். சட்டத்தின் 4-ஏ பிரிவின்படி, இழப்பீடு தர வேண்டிய கடமை உருவானதுமே அதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும்; தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். இழப்பீடு தீர்ப்பு நாளில் அல்ல, விபத்து நாளிலேயே கொடுக்க வேண்டியதாகிறது என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதாவது நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் 2023 மே மாதத்துக்குள் அவர் பணம் கட்டியிருக்க வேண்டும். தன் ஒரு மாதக் கடமையைத் தவறவிட்டவர், “நானே செய்கிறேன்” என்று உங்களைக் காத்திருக்கவும் வைத்துவிட்டு, அந்தக் காத்திருப்பையே உங்களுக்கு எதிரான வாதமாக்குகிறார். அவர் வாக்கை நம்பியதும், அங்கேயே வேலை செய்துகொண்டு அவர்மேல் மனுப் போட அஞ்சியதும் போதிய காரணம் என்றுதான் நான் வாதாடுவேன். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் தாராள மனத்தோடு பயன்படுத்த வேண்டும் என்று காதிஜி வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியும் உங்கள் பக்கம் நிற்கிறது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்பார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் இந்தச் சட்டத்தில் 2017-இல் சேர்க்கப்பட்ட 17-ஏ பிரிவு, இழப்பீட்டு உரிமையைப் பற்றி வேலையில் சேரும்போதே பணியாளருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தெரிவிக்கும் கடமையை முதலாளிமேல் வைத்திருக்கிறது. அதைச் செய்யாதவர் உங்கள் அறியாமையைச் சுட்டிக்காட்டுவது எடுபடாது. ஆண்டுகள் போனால் சாட்சியம் மங்கிவிடும், காலவரம்பு அதற்காகத்தான் என்பது கனமான வாதம். ஆனால் இங்கே விபத்து அவர் பட்டறையிலேயே நடந்தது; ஆஸ்பத்திரி பில் கட்டியவரும் அவரே. முறையான நோட்டீஸ் கொடுக்கவில்லை என்றாலும், முதலாளிக்கு விபத்து வேறு வழியில் தெரிந்திருந்தால் அந்தக் குறை மனுவைத் தடுக்காது என்று 10-ஆவது பிரிவே சொல்கிறது. சிகிச்சைக்குச் செலவழித்துவிட்டேன், கணக்குத் தீர்ந்தது என்பதும் நிற்காது. மருத்துவச் செலவு தனி. அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது. ஏதாவது தாளில் உங்கள் கையெழுத்தை வாங்கியிருந்தாலும், சட்டம் தரும் இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17-ஆவது பிரிவின்படி செல்லாது.

எவ்வளவு தொகைக்கான போராட்டம் இது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒரு கையில் இரண்டு விரல்களை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்கிறது சட்டத்தின் அட்டவணை. சம்பளத்தின் 60 சதவீதமான 9,000 ரூபாயை, 30 வயதுக்குரிய காரணியான 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். அதில் 20 சதவீதம் 3,74,364 ரூபாய். வட்டி மட்டும் ஆண்டுக்குச் சுமார் 45,000 ரூபாய்.

சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். அங்கே நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தால் ஆணையரிடம் வரும் வழி அடைபடும். தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக விசாரிக்கும் அதிகாரியிடம் இழப்பீட்டு மனுவையும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே கொடுங்கள். பிரமாண வாக்குமூலத்தில் முதலாளி எப்போது என்ன வாக்களித்தார், எப்போது கைவிரித்தார் என்று மாதவாரியாக எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்று, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல், உடன் வேலை செய்த ஒருவரின் சாட்சியம் எல்லாம் உதவும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மன்னிப்பது ஆணையரின் விருப்புரிமை. கேட்டவுடன் கிடைத்தே தீரும் என்று இல்லை. போன மாதம்வரை நடந்த தாமதத்துக்கு முதலாளியின் வாக்குறுதி காரணம். அவர் கைவிரித்த பிறகு கழியும் நாட்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த வாரமே ஒரு வழக்கறிஞரையோ, வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகி மனுவைத் தாக்கல் செய்யுங்கள்.