"கடைசில யாராச்சும் செத்துடறாங்களாக்கா?"

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். பத்மராஜன் 1986இல் எடுத்த 'தேசாடனக்கிளி கரையாறில்லா' படத்தை முந்தின வாரம்தான் போனில் பார்த்திருந்தாள். இரண்டு பள்ளி மாணவிகள் ஓடிப்போய்க் கடைசியில் உயிரை விடும் கதை. பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அறைத்தோழி சொன்னாள்.

வரதய்யபாளையத்தில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவள் நான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு எங்கள் ஊரிலும் சத்தியவேடு பக்கமும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் பெருகினார்கள். எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என் அலமாரியைக் குடைவார்கள். பெண்ணைப் பெண் காதலிக்கும் நாவல்களை எல்லாவற்றோடும் கலந்தே வைத்திருக்கிறேன். தனித் தட்டு வைத்தால், அதன்பக்கம் கை நீட்டவே கூச்சப்படுவார்கள்.

முதலில் நான் தவறாகத்தான் கொடுத்தேன். அனிதா நாயரின் 'லேடீஸ் கூபே' (2001) நாவலில் மரிக்கொழுந்து என்றொரு பெண் வருகிறாள். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரி. வேலைக்குப் போன பெரிய வீட்டில் சுஜாதா அக்காவோடு நெருக்கம் உண்டாகிறது. நம்ம ஊர்ப் பெயர், நம்ம மாதிரி குடும்பம், மனசுக்கு நெருக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். படித்தவள் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "வேலைக்காரியை வேணும்கிறப்போ வச்சிக்கிட்டு, அப்புறம் துரத்திட்டாங்களே. இதுக்குப் பேரு காதலாக்கா?" என்றாள். அவள் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். அதை நான் யோசிக்கவே இல்லை. அனிதா நாயர் எழுதியது உண்மை. எனக்கு அது பிடித்த நாவல். ஆனால் இப்படியொரு காதலை முதன்முதலாகத் தேடி வருகிறவளுக்கு அதைக் கொடுத்திருக்கக் கூடாது.

அன்றிலிருந்து முடிவு தெரியாமல் எந்தப் புத்தகத்தையும் நான் கைமாற்றுவதில்லை. "சாவாங்களா?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன். கதையின் சுவை கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும்.

முதல் புத்தகமாக இப்போது நான் கொடுப்பது பாட்ரீசியா ஹைஸ்மித்தின் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்'. 1952இல் கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் வந்தது. ஹைஸ்மித் 1948 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் கடை ஒன்றின் பொம்மைப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே வந்த ஒரு பெண்மணியைப் பார்த்த சில நிமிடங்களில் பிறந்த கதை. நாவலின் தெரேஸும் கடையில் பொம்மை விற்கிறவள்தான். ஷிப்ட் முழுக்க நின்று கால் கடுத்து வருகிறவர்களுக்கு அந்த முதல் அத்தியாயங்களை விளக்க வேண்டியதே இல்லை. கரோல் தன் மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையை இழக்கிறாள். அது சின்ன விலை இல்லை. ஆனால் யாரும் சாவதில்லை. கடைசிப் பக்கத்தில் தெரேஸ் அவளை நோக்கித்தான் நடக்கிறாள். இந்த முடிவுக்காக வாசகர்கள் ஹைஸ்மித்துக்குக் கட்டுக்கட்டாக நன்றிக் கடிதம் எழுதினார்கள். 'கரோல்' என்று 2015இல் படமாகவும் வந்தது.

அதற்குப் பிறகு, அவரவருக்கு எது ருசியோ அதன் வழியே போகலாம். ராஜேஷ்குமார் நாவலை ஒரே மூச்சில் முடிக்கிறவளுக்கு சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்' (2002). பணக்காரப் பெண்ணை ஏமாற்ற வேலைக்காரியாகப் போகிறவள் அவளையே காதலிக்கிறாள். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது பாதியில் தலைகீழாகிறது. மரிக்கொழுந்துக்காகக் கோபப்பட்ட அதே பெண் இதை நைட் ஷிப்ட் முடிந்து வந்தும் தூங்காமல் படித்தாள். 'பாகுபலி'யைப் பத்துத் தடவை பார்த்தவளுக்குத் தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021). இடிந்த கோவிலில் சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினி, அங்கே வேலைக்கு வரும் பிரியா. இந்திய மண்வாசனையுள்ள மாயக்கதை. 2022இல் உலக ஃபேன்டசி விருது வாங்கியது. மூன்று பாகமும் வந்துவிட்டது, பயமில்லாமல் தொடங்கலாம். பேய்க்கதைப் பிரியைக்கு லெ ஃபானுவின் 'கார்மில்லா' இருக்கிறது. 'டிராகுலா'வுக்கு 25 வருடம் முன்பே, 1872இல் புத்தகமான ரத்தக்காட்டேரிக் கதை. ஆனால் அதில் பெண்ணை விரும்பும் பெண்தான் பேய். நல்ல முடிவுள்ள இரண்டு நாவல்களாவது படித்த பிறகே கொடுக்கிறேன்.

கல்யாணமானவர்கள் கேட்டால் மஞ்சு கபூரின் 'எ மேரிட் உமன்'. டெல்லி, பாபர் மசூதிக் காலம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஆஸ்தா, கணவனைக் கலவரத்தில் பறிகொடுத்த பிபீலிகாவை விரும்புகிறாள். சேர்ந்து வாழ்வதாக முடியாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மிக நெருக்கமானது எஸ்.ஜே.சிந்துவின் 'மேரேஜ் ஆஃப் எ தௌசண்ட் லைஸ்' (2017). பாஸ்டன் பக்கம் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் லட்சுமி, எல்லோருக்கும் லக்கி. பெண்ணை விரும்பும் லக்கியும் ஆணை விரும்பும் கிருஷ்ணாவும் வீட்டார் வாயை அடைக்கக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பாட்டி கீழே விழுந்துவிட, அம்மா வீட்டுக்குத் திரும்பும் லக்கி, பழைய தோழி நிஷாவுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டதை அறிகிறாள். அமெரிக்காவில் நடந்தாலும் அந்தச் சமையலறைப் பேச்சு எங்கள் தெருவில் கேட்பதுதான்.

இவை எல்லாமே ஆங்கிலம். அதனால் பாதியை நான் வாயால்தான் கொடுக்கிறேன். ஞாயிறு மாலையில் ஏரிக்கரைப் பக்கம் நடந்துகொண்டே ஓர் அத்தியாயம். தமிழில் தொடங்கி, கூட ஒரு தெலுங்குப் பெண் இருந்தால் தெலுங்குக்கு மாறிவிடும். நடுவில் ஒருத்தி, "இது குத்தம் இல்லையாக்கா?" என்று கேட்டாள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்று சொன்னதைச் சொன்னேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே புரியவில்லை என்று உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு 2021இல் தீர்ப்பு எழுதியதையும் சொன்னேன். நாவலைவிட அமைதியாகக் கேட்டார்கள்.

இன்னும் ஒன்று. புத்தகம் கேட்பவளிடம் "நீ அப்படியா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் அவள் அடுத்த ஞாயிறு வரமாட்டாள். பெயர் எழுதிக் கொடுப்பதும் கூடாது. ஒருமுறை முதல் பக்கத்தில் அன்போடு அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். தங்கியிருந்த விடுதியில் யார் கையிலோ அகப்பட்டு, ஊரிலிருந்து அண்ணன் வந்துவிட்டான். அந்தப் பெண் வேலையையும் விட்டுப் போனாள். அதன்பின் என் புத்தகங்களில் பெயரே கிடையாது, எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டைதான்.

'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' என்னிடமிருந்து போய் எட்டு மாதம் ஆகிறது. நான்காவது கையில் இருக்கிறது என்கிறார்கள். யார் கை என்று நான் கேட்கவில்லை. ஜனவரியில் தடாவில் மின்சார ரயில் ஏறி, நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் இன்னும் இரண்டு பிரதி தேட வேண்டும்.