வல்வில் ஓரியின் அம்பு

சேந்தமங்கலத்துச் சமவெளியில் நின்று நோக்குவார்க்குக் கொல்லிமலை நீண்டதொரு மதில்போலத் தோன்றும். அம்மலைக்குத் தலைவனாய், கடையெழு வள்ளல்களுள் ஒருவனாய் விளங்கியவன் வல்வில் ஓரி. அவனுடைய வில்லாண்மையை வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டை யாம் வகுப்பிற் கற்றபோது, மாணவரிடையே ஒரு வழக்கு எழுந்தது. ஓரி விடுத்த அம்பு ஒன்றே யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிற் கிடந்த உடும்பின்மேற் சென்று தங்கியது என்பது அப்பாட்டின் செய்தி. “இது வெறும் பொய், பொய்யைப் பாராட்டிப் படிப்பது எற்றுக்கு?” என்றார் நண்பரொருவர். உண்மையைக் கூறின், யாமும் அன்று அவர் பக்கமே நின்றோம். ஆராயாது தீர்ப்புக் கூறியது தவறென்பதைப் பின்னரே உணர்ந்தோம். அவ்வாறு உணர்ந்த வகையை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் எமக்கு எதிராக நின்ற சான்று திருக்குறளே. அம்புத் திரள் உடலிற் புதைந்தபோதும் யானை தன் பெருமிதம் குன்றாது நிற்கும் என்று 597-ஆம் குறளில் வள்ளுவர் கூறுகின்றார். காட்டு முயலை எய்து வீழ்த்திய அம்பினும், யானைமேல் எறிந்து தப்பிய வேலை ஏந்துதலே இனிது என்பது 772-ஆம் குறளின் கருத்து. யானைக்கு வேலையும் முயலுக்கு அம்பையும் அப்புலவர் வைத்த முறையை நோக்குக. பல அம்புகளுக்கும் அஞ்சாத யானை ஓரியின் ஓர் அம்புக்கு வீழ்ந்தது எங்ஙனம்? “அவனது வில் வலியது, ஆதலின் வீழ்ந்தது” என்று விடை கூறுதல் எளிது. வல்வில் என்னும் அடைமொழியும் அதற்குத் துணை நிற்கும். ஆயினும், வில் எத்துணை வலியதாயினும், அதற்கு ஒவ்வாத அம்பைத் தொடுப்பின் அவ்வலிமை வீணாகும். இதனை யாம் நூலிற் படித்ததன்றிக் கையாற் செய்தும் கண்டோம்.

அம்புக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல: கணை, வாளி, பகழி, சரம், கோல், தொடை என்பன அவற்றுட் சில. இவற்றுள் கோல் என்னும் பெயர் அம்பின் தண்டையே குறிக்கின்றது. செங்கோல், துலாக்கோல், எழுதுகோல் என வழங்கும் அதே சொல் இது. அம்பைத் தெரிந்தெடுப்பார் முதலில் நோக்கவேண்டியது முனையை அன்று, இக்கோலையே.

விடுமுறையில் யாம் மூவர் சேர்ந்து மூங்கிலால் வில்லொன்று வளைத்தோம். அம்புக்கு இருவகைக் கோல்கள் கொண்டோம்: ஒன்று பருத்த மூங்கிற் பிளாச்சு, மற்றொன்று மெல்லிய நாணற் கோல். முப்பதடித் தொலைவில் வைக்கோற் கட்டொன்றை நிறுத்தி எய்தோம். வலக்கையால் நாணிழுக்கும் எம் தோழர் எத்துணைக் கருத்தொடு குறிபார்த்தும், பருத்த கோல் இடப்புறமே விலகிச் சென்றது. மெலிந்த கோல் வலப்புறம் சென்றது. வில்லையும் கையையும் நெடுநேரம் நொந்தபின், குற்றம் கோலினது என்று தெளிந்தோம். பின்னர் நடுத்தரப் பருமனுடைய கோலொன்றைத் தேடி, அனலிற் காட்டி, கணுக்களை நிமிர்த்தி எய்தபோது அது கட்டின் நடுவே பாய்ந்தது.

இதன் காரணம் வியப்புடையது. அம்பு வில்லின் நடுவிலன்று, அதன் பக்கத்திலேயே பொருந்தி நிற்கின்றது. நாணை விட்டவுடன் கோல் சற்றே வளைந்து, வில்லின் தண்டைச் சுற்றி நெளிந்து, அதனைக் கடந்தபின் நிமிர்ந்து செல்கின்றது. 1930-களில் அமெரிக்கராகிய கிளாரன்ஸ் ஹிக்மன் என்பார் மிகு விரைவுப் படங்களால் இந்நெளிவைக் கண்ணுக்குப் புலனாக்கினார். விறைப்பு மிகின் கோல் வளையாது வில்லை உரசி விலகும். குறையின் மிகவளைந்து மறுபுறம் சாயும். ஆகவே, வலிய வில்லுக்கு விறைத்த கோலும், மெல்லிய வில்லுக்கு நெகிழ்ந்த கோலும் வேண்டும். வில்லுக்கேற்ற கோல் என்பதே முதல் விதி.

இரண்டாவது எடை. எளிய அம்பு விரைந்து செல்லும். ஆயினும் விரைவே ஆற்றலாகாது. ஒரு வில் 30 கிராம் எடையுள்ள அம்பை நொடிக்கு 50 மீட்டர் விரைவிற் செலுத்துகின்றது எனக் கொள்வோம். அதே ஆற்றல் 45 கிராம் அம்புக்குச் சென்றால் அதன் விரைவு நொடிக்கு ஏறக்குறைய 41 மீட்டராகக் குறையும். ஆயினும் எடையையும் விரைவையும் பெருக்கிவரும் உந்தம், முன்னதினும் ஐந்திலொரு பங்குக்குமேல் மிகுந்திருக்கும். தோலையும் தசையையும் துளைத்துச் செல்லுங்கால் தடையை எதிர்த்து அம்பை முன்செலுத்துவது இவ்வுந்தமே. மேலும், வில்லின் ஆற்றலில் மிகுந்த பங்கைக் கைக்கொள்வதும் கனத்த அம்பே. எளிய அம்பை எய்யின் எஞ்சிய ஆற்றல் வில்லையும் கையையும் அதிர்விக்கும். பெருவிலங்கை வேட்டையாடுவோர் கனத்த கோலை விரும்புவது இதனாலேயாம்.

மூன்றாவது முனை. இதனை அலகு எனவும் கூறலாம். விலங்கிற்கேற்ப அலகு வேறுபடும். சிறு பறவையை வீழ்த்த மொட்டை முனையே போதும். கூரிய முனை மரக்கிளையிற் குத்தி நின்றுவிடும். கவசத்தைத் துளைக்கக் குறுகி நீண்ட ஊசிமுனை வேண்டும். மான், பன்றி முதலியவற்றிற்கோ இருபுறமும் தீட்டிய அகன்ற இலைமுனை வேண்டும். துப்பாக்கிக் குண்டு தாக்குதலின் அதிர்ச்சியாலும் கொல்லும்; அம்பு அவ்வாறன்று. அது குருதிக் குழாய்களை அறுத்தே கொல்லும். அலகு மழுங்கியிருப்பின் குழாய்கள் அறுபடாது ஒதுங்கிக்கொடுக்கும். விலங்கு புண்ணோடு ஓடிப் பல நாள் துன்புற்று மடியும். நன்கு தீட்டிய அலகாயின், நெஞ்சகத்தே தைத்த சிறுபொழுதில் விலங்கு நினைவிழந்து வீழும். எனவே, அலகைத் தீட்டுதல் வேட்டுவன் விலங்கிற்குச் செய்யக்கடவ குறைந்த அளவான அறமென்றே கூறவேண்டும்.

அகன்ற அலகிற்கு ஒரு குறையும் உண்டு. அது காற்றைப் பிடித்து அம்பைத் திசைமாற்ற முயலும். இதனைத் தடுப்பதற்கே கோலின் பின்புறத்தில் இறகு கட்டுவர். அலகு எத்துணை அகன்றதோ அத்துணை நீண்ட இறகு வேண்டும். இறகுகள் யாவும் பறவையின் ஒருபுறத்துச் சிறகிலிருந்தே எடுக்கப்படல் வேண்டும். இருபுறத்து இறகுகளும் கலப்பின் அம்பு சீராகச் சுழலாது.

அலகிற்கு வேண்டும் இரும்பு எம் நாட்டில் அரிதன்று. சேலத்தை அடுத்த கஞ்சமலை காந்த இரும்புக்கல்லுக்குப் பெயர்பெற்றது. மேட்டூரை அடுத்த மாங்காட்டிற் கிடைத்த இரும்புப் பொருள் கி. மு. 1500-ஐ ஒட்டிய காலத்தது என்பது கரிமக் கணிப்பால் துணியப்பட்டுள்ளது. சங்க காலத்திற்குப் பல நூற்றாண்டு முன்னரே இரும்பை உருக்கி அடிக்கத் தெரிந்த இந்நாட்டில், கொல்லிமலைத் தலைவனுக்கு நல்ல அலகு வடித்துக் கொடுக்கும் கொல்லர் இல்லாதிருந்திரார்.

இவ்வறிவு ஒரு நாட்டிற்கே உரியதன்று. 1911-இல் கலிபோர்னியாவில் யாஹி என்னும் குடியின் இறுதி மனிதராகக் காட்டினின்றும் வெளிப்போந்த இஷி என்பார், மருத்துவராகிய சாக்ஸ்டன் போப்புக்கு வில்வித்தை கற்பித்தார். இஷி எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் செதுக்கி அலகு செய்தவர். இரும்பையும் புட்டிக் கண்ணாடியையும் அதற்குப் பயன்படுத்தினார். அவர்பாற் கற்றவற்றைப் போப் 1923-இல் நூலாக வெளியிட்டார். கொல்லிமலைக்கும் கலிபோர்னியாவிற்கும் இடையே பெருங்கடல் கிடப்பினும், ஒத்த கோலும் கூரிய அலகும் இரண்டிடத்தும் ஒரே விதிக்குட்பட்டன.

இனி வழக்கிற்கு வருவோம். நல்ல கோலும் கனமும் கூரிய அலகும் அமைந்த அம்பு மானையோ பன்றியையோ ஊடுருவி அப்பால் நிலத்திற் குத்தி நிற்றல் இயல்பே. இக்கால வில்வேட்டுவர் பலரும் கண்ட செய்தி அது. ஆனால் யானையை வீழ்த்திய அம்பு மேலும் நான்கு உயிர்களைக் கடத்தல் இயலாது. ஆகவே ஐந்தையும் ஓரம்பிற் கோத்தது புலவரின் உயர்வு நவிற்சியே. இவ்வளவில் எம் நண்பர் கூறியது சரியே. ஆயினும் அது வெறும் பொய்யன்று. அம்பின் பெருமை தைத்து நிற்பதிலன்று, ஊடுருவிச் செல்வதிலேயே உள்ளது என்பதை வன்பரணர் அறிந்திருந்தார். அறிந்த உண்மையொன்றை யானையிலிருந்து உடும்புவரை நீட்டினார். உண்மையை வேராகக் கொண்டு வளர்ந்த புனைவு அது. வேரைக் காணாது கிளையைப் பார்த்து நகைத்தது எம் பிழை.

பாட்டில் மற்றொரு செய்தியும் உண்டு. தன்னை இன்னானென்று அறியாது பாடிய பாணர் கூட்டத்திற்கு ஓரி வேட்டையில் வீழ்ந்த மானிறைச்சியை ஊட்டினான். பொன்னும் மணியும் வழங்கினான். தன்னைப் புகழக் கேட்டபோது நாணினான். கொன்றது வீண்போகாமல், பசித்தார்க்கு உணவாயிற்று.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டு விலங்குகளை வேட்டையாடுதல் குற்றமாகும், அது நன்றே. கொல்லிமலைச் செம்மேட்டில் ஆடித் திங்களில் நிகழும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அங்கு இலக்கைத் தேடிச் செல்லும் அம்புக்கும் கோலின் விறைப்பும் எடையும் இறகும் முன்போலவே பொருந்த வேண்டும். உயிரைத் தேடும் அலகு ஒன்றே வேண்டா. அவ்விழாவிற்குச் செல்லும் எம் தோழர்கள், வில்லாளன் வில்லை எடுக்குமுன் தூணியிலுள்ள அம்புகளை ஒவ்வொன்றாக விரலால் உருட்டி நேர்மை பார்ப்பதைக் கவனிப்பாராக. பழம்பாட்டைப் பொய்யென்றோ மெய்யென்றோ கூறுமுன் எமக்கும் அவ்வாறு உருட்டிப் பார்க்கும் பொறுமை வேண்டும் என்பதே யாம் கற்ற பாடம்.