பிள்ளைக்கு மட்டும் கைகொடுத்தால் போதுமா?

பள்ளி திறக்கும் சமயம் வந்தால் கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் புத்தகப்பை வழங்கும் நிகழ்ச்சிகள் வரிசையாக நடக்கும். நல்ல காரியம்தான். ஆனால் பை கொடுத்துவிட்டு நாம் பேசிக்கொள்ளும் சில பேச்சுகளைத் திருத்தியாக வேண்டும்.

நம்பிக்கை: "தோட்டத்துச் சனங்களுக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லை. குடிதான் கதி."

உண்மை: 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சம்பளத்தோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் அந்தத் தொழிலாளர்கள் கேட்டார்கள். கேட்டதற்கு நாதன் நாடு கடத்தப்பட்டார். தோட்டங்களுக்குள் பட்டாளம் வந்தது. குடியால் சீரழிந்த குடும்பங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடியவர்களின் வாரிசுகளைப் பார்த்து அக்கறை இல்லாதவர்கள் என்பது அநியாயம்.

நம்பிக்கை: "தோட்டத்தைவிட்டு வெளியேறினாலே முன்னேறிவிடலாம்."

உண்மை: பால்மரக் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் அம்மா, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். வயதான ஓர் ஆயா எல்லாவற்றையும் ஆட்டிக்கொண்டிருப்பார். அங்கே படிப்பு எதுவும் நடக்கவில்லை, வசதியும் குறைவுதான். ஆனாலும் அம்மா வேலைக்குப் போகக் குழந்தைக்கு ஓர் இடம் இருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் கைமாறியது. பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி போன்ற தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த கதை ஊரறிந்தது. லயத்தைவிட்டுக் கிளம்பிய குடும்பத்தோடு ஆயாக்கொட்டகை கூட வரவில்லை. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தில் குழந்தைக் காப்பகம் பற்றிய விதி உண்டு. ஆனால் அது வேலையிடத்திலேயே குடியிருப்பவர்களுக்கானது. மலிவு விலை வீட்டுக்குக் குடிபோய்த் தொழிற்சாலை பஸ் ஏறும் அம்மாவுக்கு அதனால் பயன் இல்லை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இரண்டு குழந்தைகளுக்குக் காப்பகக் கட்டணம் கட்டினால் கையில் என்ன மிஞ்சும்? வேலையே வேண்டாம் என்று நின்றுவிடும் அம்மாவையும், பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி முன்னால் குழந்தையை விட்டுப் போகும் அம்மாவையும் இந்தக் கணக்குதான் உருவாக்குகிறது.

நம்பிக்கை: "அரிசி, பால்மாவு கொடுத்தால் போதும். சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் வேலை. படிக்காத அம்மாவால் என்ன செய்ய முடியும்?"

உண்மை: இதற்கான பதில் ஜமைக்காவில் இருக்கிறது. தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருமே இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு பிரிவினருக்குச் சத்துணவு மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினரின் வீட்டுக்கு ஒரு சுகாதாரப் பணிப்பெண் வாரம் ஒரு மணி நேரம் போய்வந்தார். காலி டப்பாவும் பிளாஸ்டிக் போத்தலும் வைத்துச் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டுபோய், குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்குச் செய்து காட்டினார். இரண்டே ஆண்டுகள்தான். இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் பார்த்தபோது, வீட்டுக்கு ஆள் போய்வந்த பிரிவினர் மற்றவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களின் சம்பாத்தியத்தில் அப்படி எந்த மாற்றமும் இல்லை.

உணவு வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். பசித்த வயிற்றுக்குச் சோறுதான் முதலில். ஆனால் அந்தப் பணிப்பெண்கள் பட்டதாரிகள் அல்லர், அம்மாக்களும் அதிகம் படித்தவர்கள் அல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். யாரோ ஒருவர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னால் முடியும் என்று காட்டியிருக்கிறார்.

கோயில் நிர்வாகங்களுக்கும் இயக்கங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு பை வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அதே தாமானில் வசிக்கும் ஒரு பெண்ணுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, அம்மா வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாரம் ஒரு மணி நேரம் அனுப்புங்கள். குழந்தைக்கு ஆறு வயதாகும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு வயதிலேயே போகச் சொல்லுங்கள்.