கத்திரி வெயிலில் தீம் பார்க் போகிறீர்களா?

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. கத்திரி வெயிலும் அப்போதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள எம்.ஜி.எம்., வி.ஜி.பி. போன்ற பூங்காக்களுக்குப் போகிறவர்கள், கேட் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெட்டவெளியில் க்யூ நிற்கும் ராட்டினங்களை முதலில் முடித்துவிடலாம். 12 முதல் 3 மணி வரை சாப்பாடு, நிழல், கூரையுள்ள விளையாட்டுகள். கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்புச் சூடும் தணியாது.

தண்ணீரில்தானே இருக்கிறோம் என்று பலர் உச்சி வெயிலில் அலைக்குளத்தை விட்டு வருவதில்லை. அங்கேயும் வியர்க்கும், தோலும் கருகும். நனைந்திருப்பதால் தாகம்தான் தெரியாது. பிள்ளைகள் கேட்காவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை கூப்பிட்டுக் குடிக்கக் கொடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

வெளி உணவை அனுமதிக்காத இடத்திலும் தண்ணீர் பாட்டிலை விடுவார்களா என்று முன்பே போனில் கேளுங்கள். கைப்பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும். பெரிய பொட்டலம் என்றால் முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடி, குழந்தைக்குக் கெடுதல். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவைப் படியுங்கள். சோடா, கோலாவைவிட உப்புப் போட்ட நீர்மோர் எவ்வளவோ மேல்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் உடனே நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடம்பை நனைத்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள்.