கித்தார் கற்றுத்தரும் காணொளி: எது கைக்கு உதவும்?

மாணவர்களே, இணையத்தில் ‘கித்தார் பாடம்’ என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தாலும் தீராத அளவுக்குக் காணொளிகள் வந்து நிற்கும். பெரும்பாலானவை இலவசம். ஆசிரியருக்கு மாதக் கட்டணம் கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்புதான். ஆனாலும் சில நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய கித்தார் பல வீடுகளில் மூன்றே மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது. ‘எனக்கு இசை வராது’ என்று பிள்ளையும் முடிவு செய்துவிடுகிறது.

அந்த முடிவு பல நேரங்களில் தவறானது. பிழை பிள்ளையிடம் இல்லை. பார்த்த காணொளியிலும் அதைப் பார்த்த முறையிலும் இருக்கிறது. நல்ல காணொளியை அடையாளம் காண இசை ஞானம் தேவையில்லை. இயற்பியலில் நீங்கள் படிக்கும் அலைகளும், மூளை எப்படிக் கற்கிறது என்பது பற்றிய சிறிதளவு அறிவும் போதும்.

முதலில் சுருதி

கித்தாரில் ஆறு தந்திகள். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை அவற்றின் பெயர்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. வழக்கமான சுருதியில் தடித்த ஈ தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. அதாவது 82 ஹெர்ட்ஸ். ஏ தந்தி 110 ஹெர்ட்ஸ். மெல்லிய ஈ தந்தி 330 ஹெர்ட்ஸ். தடித்த ஈ-யைப் போல நான்கு மடங்கு.

கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளை ஃப்ரெட் என்கிறார்கள். வீணையில் இதற்கு மெட்டு என்று பெயர். ஒரு ஃப்ரெட் தாண்டி அழுத்தினால் தந்தியின் அதிரும் நீளம் சற்றுக் குறைகிறது. அதிர்வெண் ஏறக்குறைய 5.9 விழுக்காடு கூடுகிறது. இப்படிப் பன்னிரண்டு முறை கூடினால் சரியாக இரு மடங்காகிவிடும். அதனால்தான் பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நட்டநடுவில் இருக்கிறது. வீட்டில் கித்தார் இருந்தால் அளவுகோல் வைத்துப் பாருங்கள். தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் பன்னிரண்டாவது ஃப்ரெட் 325-இல் இருக்கும். முதல் ஃப்ரெட் 36.5-இல்.

இதற்கும் காணொளிக்கும் என்ன தொடர்பு? நிறைய ராக் பாடல்களை இசைத்தவர்கள் ஆறு தந்திகளையும் ஒரு ஃப்ரெட் அளவுக்குத் தளர்த்தியே பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது தடித்த தந்தி 82-க்குப் பதில் ஏறக்குறைய 78 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதே பாடலைக் கற்றுத்தருபவரும் தம் கித்தாரைத் தளர்த்திக்கொண்டு, அதைச் சொல்ல மறந்துவிடுவார். நீங்கள் விரலைச் சரியான இடத்தில்தான் வைக்கிறீர்கள். ஆனால் அவரோடு சேர்ந்து வாசித்தால் ஒவ்வொரு சுரமும் இடறுகிறது. ‘என் காது சரியில்லை’ என்று நினைத்துக்கொள்கிறீர்கள். உண்மையில் உங்கள் காது சரியாக இருப்பதால்தான் அது இடறலாகக் கேட்கிறது!

கேப்போ என்னும் கவ்வியைக் கழுத்தில் மாட்டுபவர்களும் உண்டு. அது எந்த ஃப்ரெட்டில் மாட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லாத காணொளியாலும் இதே குழப்பம்தான். ஆகவே முதல் சோதனை எளிது. தொடக்கத்திலேயே சுருதியைச் சொல்கிறாரா, ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக மீட்டிக் காட்டுகிறாரா? சொல்லாவிட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். அவருடைய ஏ தந்தி 110 ஹெர்ட்ஸிலும் உங்களுடையது 108-இலும் ஒலித்தால், இரண்டும் சேரும்போது ஒலி வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். இதைத்தான் இயற்பியலில் விம்மல் என்கிறோம். தந்தியை மெல்ல முறுக்கினால் விம்மல் நிதானமாகி, கடைசியில் நின்றுவிடும். அப்போது இரண்டு கித்தாரும் ஒன்று.

கேமரா எங்கே நிற்கிறது?

பலர் நேருக்கு நேர் அமர்ந்து பாடம் நடத்துவார்கள். வகுப்பறைக்கு அது சரி. கித்தாருக்கு அவ்வளவு பொருந்தாது. வலக்கைப் பழக்கமுள்ள ஆசிரியர் உங்களை நோக்கி அமர்ந்தால் அவருடைய கித்தாரின் கழுத்து திரையில் உங்கள் வலப்பக்கம் நீளும். உங்கள் கையில் இருக்கும் கித்தாரின் கழுத்தோ இடப்பக்கம். திரையில் தடித்த தந்தி மேலே தெரியும். நீங்கள் குனிந்து பார்க்கும்போது அது உங்கள் பக்கமாக, கீழே தெரியும். ஒவ்வொரு விரலுக்கும் மூளை படத்தைத் திருப்பித் திருப்பிப் பொருத்த வேண்டியிருக்கிறது. புதிதாகக் கற்பவருக்கு மூளையின் கவனம்தான் மிகவும் அரிய பொருள். அதைப் படம் திருப்புவதில் செலவழிக்கலாமா?

வாசிப்பவரின் தோளுக்கு மேலிருந்தும் எடுத்த காட்சி உள்ள காணொளியைத் தேடுங்கள். நீங்கள் குனிந்தால் தெரியும் அதே காட்சி திரையிலும் தெரியும். இடக்கை விரல்களுக்கு ஒரு கேமரா, வலக்கை மீட்டலுக்கு இன்னொன்று என்று திரையைப் பிரித்துக் காட்டுபவர்கள் உண்மையில் கற்றுத்தர நினைப்பவர்கள். தம் முகத்தை மட்டும் அழகாகக் காட்டுபவர் வேறு ஏதோ நினைக்கிறார்.

இன்னொன்று. சில காணொளிகளில் தந்திகள் பாம்புபோல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தந்தி உண்மையில் அப்படி நெளிவதில்லை. கைப்பேசிக் கேமரா ஒரு படத்தை ஒரே நொடிப்பொழுதில் எடுக்காமல், வரிவரியாகப் படிக்கிறது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் தந்தி நகர்ந்துவிடுகிறது. பார்க்க வேடிக்கைதான், பாடம் கற்க அதனால் பயனில்லை.

வேகத்தைக் குறைத்தால் போதுமா?

யூடியூப்பில் காணொளியின் வேகத்தைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைக்க முடியும். பழைய ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் 110 ஹெர்ட்ஸ் 55 ஆகிவிடும்; பாடகர் பூதம்போல் பாடுவார். இப்போது கணினி ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஒட்டி நீட்டுகிறது. அதனால் சுருதி மாறுவதில்லை. அருமையான வசதி. பாதி வேகத்துக்கும் கீழே போனால் மட்டும், தந்தியைத் தொடும் அந்தக் கூரான தொடக்க ஒலி மழுங்கி, தண்ணீருக்குள் கேட்பதுபோல் இருக்கும்.

காட்சிக்கு இந்த வித்தை பலிக்காது. காணொளி வினாடிக்கு 30 படங்கள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். வேகமாக மீட்டும் கை வினாடிக்கு எட்டு முறை மேலும் கீழும் போகக்கூடும். அப்படியானால் ஒரு மீட்டலுக்கு நான்கு படங்கள்கூட இல்லை, அவையும் மங்கலானவை. வேகத்தைக் கால்வாசியாக்கினாலும் புதிய படங்கள் முளைக்கப் போவதில்லை. அதே மங்கல்தான் நீண்ட நேரம் தெரியும். ஆகவே, ‘மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் ஆசிரியரைவிட, தாமே மெதுவாக வாசித்துக் காட்டும் ஆசிரியர் மேல்.

பார்த்தால் வந்துவிடுமா?

இனி வருவதுதான் முக்கியம். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பலர் தோற்பது இங்கேதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸ், எட் ஓபிரையன் ஆகியோர் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அம்பு எறியும் விளையாட்டு, பின்னோக்கி வழுக்கி நடக்கும் ‘மூன்வாக்’ நடனம் போன்ற திறன்களைச் சிலருக்குக் காணொளியில் ஒரு முறை காட்டினார்கள். வேறு சிலருக்கு இருபது முறை காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்கள் ‘எனக்கு நன்றாக வரும்’ என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னார்கள். செய்து பார்த்தபோது, ஒரு முறை பார்த்தவர்களைவிட அவர்கள் சிறப்பாகச் செய்யவில்லை. நம்பிக்கை வளர்ந்தது, திறன் வளரவில்லை.

ஏன்? விரல் எங்கே போகிறது என்பதைக் கண் சொல்லிவிடும். எவ்வளவு அழுத்த வேண்டும், பக்கத்துத் தந்தியில் படாமல் விரலை எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதெல்லாம் தோலும் தசையும் அறிய வேண்டியவை. அது கண்வழியே உள்ளே போகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரைச் சுரைக்காயும் அப்படித்தான்.

எனவே ஒரு காணொளியை மதிப்பிடும்போது இதைக் கேளுங்கள்: அது உங்களை எங்கே நிறுத்துகிறது? நல்ல ஆசிரியர் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறை ‘இப்போது நிறுத்துங்கள், இதைச் செய்து பாருங்கள்’ என்பார். ஒரே மூச்சில் இருபது நிமிடம் ஓடி, கடைசியில் ஒரு பாடலை முழுதாக வாசித்துக் காட்டும் காணொளி நல்ல பொழுதுபோக்கு. பாடம் அன்று. மடியில் கித்தார் இல்லாமல் படுத்துக்கொண்டு பார்ப்பது எதிலும் சேர்த்தி இல்லை.

கோர்டு மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். (நீதிமன்றம் அல்ல, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது.) ஆஸ்திரேலியரான ஜஸ்டின் சாண்டர்கோ இணையத்தில் கித்தார் கற்றுத்தருவதில் பெயர் பெற்றவர். அவர் சொல்லித்தரும் பயிற்சி ஒன்று: ஒரு நிமிடத்துக்குக் கடிகாரம் வைத்து, இரண்டு கோர்டுகளுக்கு இடையே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணி எழுதிவைக்க வேண்டும். முதல் நாள் எட்டு, ஒரு வாரத்தில் பதினைந்து என்று எண் ஏறலாம். அறிவியல் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருக்க முடியாது. வரைதாளில் நாளை ஒரு அச்சிலும் எண்ணிக்கையை மறு அச்சிலும் குறித்துவாருங்கள். ஒரு காணொளித் தொடர் உங்களுக்கு உதவுகிறதா என்பதை அதன் ‘லைக்’ எண்ணிக்கையைவிட இந்தக் கோடு நேர்மையாகச் சொல்லும்.

பயிற்சி நேரம் பற்றியும் ஒரு பழைய சான்று உண்டு. பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தபோது, ஆலன் பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் அவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். இன்னொரு பிரிவினருக்கு நான்கு மணி நேரம். 1978-இல் வெளிவந்த முடிவு: நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள் மொத்தத்தில் குறைந்த மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள், நாள் கணக்கில் அதிகமானாலும். வியப்பு என்னவென்றால், தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டவர்களும் அவர்கள்தான்! நாள்கள் இழுத்துக்கொண்டே போவதாக நினைத்தார்கள். ஆக, சனிக்கிழமை மூன்று மணி நேரம் ‘ஒரே நாளில் கித்தார்’ காணொளியோடு மல்லுக்கட்டுவதைவிட, தினமும் இருபது நிமிடத்துக்குப் பாடம் பிரித்துத்தரும் ஒரே தொடரைப் பின்பற்றுவது நல்லது. தலைப்பில் ‘ஒரே நாளில்’ என்பது ஏமாற்றா என்று கேட்கலாம். பிரிட்டனின் பெர்ட் வீடன் 1957-இலேயே அந்தப் பொருளில் தலைப்பு வைத்துக் கித்தார்ப் பாடநூல் எழுதினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கித்தார்க் கலைஞர்கள் சிலர் அதில்தான் தொடங்கினார்கள். அவர்களில் யாரும் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

கைப்பேசியால் கேட்க முடியாதது, பார்க்க முடியாதது

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 82 ஹெர்ட்ஸ் ஒலியைக் கிட்டத்தட்ட எழுப்பவே முடியாது. அப்படியும் தடித்த தந்தி நமக்குக் கேட்கிறதே? தந்தி 82-இல் மட்டும் அதிர்வதில்லை. 165, 247, 330 என்று அதன் மடங்குகளிலும் அதிர்கிறது. அந்த மேல் ஒலிகளைக் கேட்டு, விடுபட்ட அடி ஒலியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சுரம் புரிந்துவிடும், ஆனால் ஆசிரியர் கட்டைவிரலால் அடித்தந்தியை எவ்வளவு அழுத்தி மீட்டுகிறார் என்பது தெரியாது. காதொலிக் கருவியில் கேட்டால் தெரியும். ஒலியை மிதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விரல்நுனி வலியைப் பற்றிப் பேசாத தொடக்கப் பாடத்தை நான் நம்புவதில்லை. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 70 கிலோ எடைக்கு நிகராக இழுக்கின்றன. நைலான் தந்திகளில் அது 40 கிலோ அளவே. எனவே நைலான் விரலுக்கு இதம். எந்தத் தந்தியானாலும் விரலை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டினாற்போல் வைத்தால் குறைந்த அழுத்தத்திலேயே ஒலி தெளிவாக வரும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் கூடுதலாக அழுத்த வேண்டும். இல்லையேல் தந்தி கரகரக்கும். இந்த ஒன்றை அருகிலிருந்து படம்பிடித்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள்.

விரல்நுனி எரிச்சல் சில வாரங்களில் தோல் தடித்ததும் குறைந்துவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அது வேறு. காணொளி ஆசிரியரை நீங்கள் பார்க்கலாம். அவரால் உங்களைப் பார்க்க முடியாது. உங்கள் மணிக்கட்டு மடிந்திருப்பது அவருக்குத் தெரியாது. அப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு, நீங்கள் வாசிப்பதைக் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பள்ளியில் இசைக் குழுவை நடத்தும் ஆசிரியரிடமோ கித்தார் வாசிக்கத் தெரிந்த மூத்த மாணவரிடமோ அதைக் காட்டுங்கள். மணிக்கட்டை நிமிர்த்திவிட அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். வலி அதன் பிறகும் போகவில்லை என்றால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.